சொகுசு, புகை, நம்பகம்: பெரக்கரை நாட்டுக்கு வந்த ஒரு பழைய வண்டியை முன்வைத்து

2022 ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், என் மாமன் மகன் ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு பெரக்கரை நாட்டுக்கு வந்து சேர்ந்தான். வெள்ளை நிறம், தோல் இருக்கைகள், தலைக்கு மேலே கண்ணாடிக் கூரை, டி.எல். என்று தொடங்கும் தில்லிப் பதிவெண். ஊரே கூடிப் பார்த்தது. 2012 மாடல். புதுசில் நாற்பது லட்சத்துக்கு விற்றதாம். இவன் கொடுத்தது எட்டு லட்சம். பாதி மிளகு விற்ற பணம். மீதிக்கு, சில்வர் ஓக் மரமும் மிளகுக்கொடியும் நிற்கிற இரண்டு ஏக்கரை நாலு வருஷத்துக்குக் கீழ்நாட்டு வியாபாரி ஒருவருக்குக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்திருந்தான். எந்தக் கம்பெனி வண்டி என்பதை எழுதப்போவதில்லை. அவன் அப்படிக் கேட்டுக்கொண்டான் என்பது ஒரு காரணம். நான் சொல்ல வருவது ஒரு கம்பெனியோடு முடிகிற விஷயம் இல்லை என்பது இன்னொன்று.

"ஜீப்பாவும் இல்லாம காராவும் இல்லாம இது என்ன மச்சான்?" என்று கேட்டேன்.

"கிராஸ்ஓவர்னு சொல்றாங்க. ஜீப்பு மாதிரி ஏறும், காரு மாதிரி போவும்."

அன்றிரவே நான் ஒரு கட்டுரை எழுத உட்கார்ந்தேன். நுகர்வுக் கலாச்சாரம் பழங்குடி வாழ்வை எப்படி விழுங்குகிறது என்கிற, நாம் எல்லோரும் தூக்கத்தில்கூட எழுதிவிடக்கூடிய அந்தக் கட்டுரை. இரண்டு பக்கத்தோடு நின்றுபோயிற்று. காரணம் அவன் சொன்ன ஒரு விஷயம். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திச் சோதிக்கிற இடத்தில் பதினைந்து வருஷமாக அவனைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பிக்கப்பில் வரும்போது "டேய், எறங்குடா, என்ன ஏத்திருக்க?" என்பார்கள். அன்றைக்கு அதே ஆள் கண்ணாடிப் பக்கம் குனிந்து, "எந்த ரிசார்ட்டுக்கு சார்?" என்று கேட்டிருக்கிறார். எட்டு லட்சத்தில் எத்தனை லட்சம் இரும்புக்கு, எத்தனை லட்சம் அந்த 'சார்' என்கிற ஒரு சொல்லுக்கு என்று பிரித்துக் கணக்குப் போட என்னால் முடியவில்லை. ரோலான் பார்த் 1957இல் ஒரு சிட்ரோயன் காரைக் கோதிக் தேவாலயங்களோடு ஒப்பிட்டு எழுதியபோது, ஜனங்கள் வாகனத்தைப் பிம்பமாக நுகர்கிறார்கள் என்றார். சரிதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக 'டேய்' என்று அழைக்கப்பட்டவனுக்கு ஒரு பிம்பம் தேவைப்படுகிறபோது, அதைக் கேலி செய்கிற தகுதி பாரீசில் இருப்பவருக்கும் இல்லை, படித்துவிட்டுச் சிறுபத்திரிகையில் எழுதுகிற எனக்கும் இல்லை.

ஆகவே வேறு பக்கமிருந்து தொடங்குகிறேன். இந்த மலையில் வாகனத்தின் வரலாறு என்ன?

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடியில் அரசாங்கமே விழா எடுக்கிறது. சங்கப் பாடல்கள் தரும் தகவல்படி ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றுதான் பெயர். அவனைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்த காரியின் குதிரைக்குப் பெயர் காரி. ஆளுக்கும் வாகனத்துக்கும் ஒரே பெயர். இது தலைவர்களின் கதை. எங்கள் சனங்களுக்கு வாகனம் கால்தான். காஞ்சியிலிருந்து புறப்பட்ட மூன்று சகோதரர்கள் மூன்று மலைகளுக்குப் பிரிந்து போனார்கள் என்று மலையாளிகள் சொல்லும் வம்சக்கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிவு செய்தார். அந்தக் கதையிலும் எல்லோரும் நடந்துதான் வருகிறார்கள். (வெளியூர்த் தோழர்களுக்காக: 'மலையாளி' என்பது இங்கே கேரளத்துக்காரரைக் குறிப்பதில்லை, மலையை ஆள்பவர் என்று நாங்களே பொருள் சொல்லிக்கொள்வோம். 'நாடு' என்பதும் தேசமில்லை. உறவுமுறையும் காணியும் சேர்ந்த ஓர் எல்லை. இன்றைக்கு அந்த நாடுகள் ஊராட்சிகளாகியிருக்கின்றன.) பேளுக்குறிச்சிப் பக்கமும் புளியஞ்சோலைப் பக்கமும் இறங்குகிற ஒற்றையடிப் பாதைகளில் மிளகும் பலாவும் சாமையும் தலைச்சுமையாக இறங்கின. நோயாளியும் அப்படித்தான் இறங்கினார். என் ஆயாவை ஒரு மூங்கிலில் போர்வையைத் தூளியாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் பொழுது விடிந்ததாம், ஆயா இல்லை.

அப்புறம்தான் காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ரோடு. மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பாக்சைட் ஏற்றிப்போன லாரிகளும், நாளைக்கு நாலைந்து முறை முக்கி முனகி ஏறிய பஸ்களும் போக, மீதி எல்லாவற்றையும் சுமந்தது ஜீப்பு.

ஜீப்பின் பிறப்பு யுத்தத்தில். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு ஓலை அனுப்பியது. பான்டம் என்கிற சின்னக் கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. ஆர்டரை வில்லிஸும் ஃபோர்டும் அள்ளிக்கொண்டன. யுத்தம் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல். இந்தியாவில் 1945இல் மகிந்திரா அண்ட் முகம்மது என்று ஆரம்பித்த கம்பெனியின் பங்குதாரர் மாலிக் குலாம் முகம்மது, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகப் போய்விட, 1948இல் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆயிற்று. 1949இல் பம்பாய் மஜகாவ்னில் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கினார்கள். ராணுவம், போலீஸ், வனத்துறை, பி.டி.ஓ. ஆபீஸ் என்று அரசு எங்கெல்லாம் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பியதோ அங்கெல்லாம் ஜீப்பு போயிற்று. மலைக்காரனுக்கு ஜீப்பு என்றாலே ஓடி ஒளிய வேண்டிய ஒன்றாக ஒரு காலம் இருந்தது.

அந்த ஜீப்பு எங்களுக்கு எப்படிக் கிடைத்தது? கழித்துக் கட்டியபோது கிடைத்தது. என் பெரியப்பா 1987இல் வாங்கிய டீசல் ஜீப்பு ஒரு அரசு இலாகா ஏலத்தில் விட்டது. இடையில் ஒரு ராசிபுரத்து வியாபாரி. ஆக, அதிகாரத்தின் வாகனம் தேய்ந்து, துருப்பிடித்து, மூன்றாம் கையாக வந்தபோதுதான் எங்கள் வாகனமாக ஆயிற்று. பத்துப் பேர் உட்கார்கிற இடத்தில் இருபத்திரண்டு பேர். பின்படியில் தொங்கிக்கொண்டுதான் நான் பத்தாவது பரீட்சைக்குப் போனேன்.

பெரியப்பா அதை 'நம்பகமான வண்டி' என்பார். இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த ஜீப்பு வாரத்துக்கு ஒரு முறை நிற்கும். செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் விடணும். பட்டை முறியும், கிளட்ச் பிளேட் கருகும். அப்புறம் எப்படி நம்பகம்? நிற்கிற இடத்தில் கிளப்ப முடிந்தது, அதனால் நம்பகம். அடிவாரத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் லாரித் தொழில். பாடி கட்டுகிற பட்டறைகள், லேத்துகள், பட்டை அடிக்கிற உலைகள், பம்ப்பும் நாசிலும் பார்க்கிற கடைகள். அந்தப் பக்கம் திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டிகள். எங்கள் ஊர்ப் பையன்கள் சிலர் போர் வண்டிக்குக் கிளீனராகப் போய், வடக்கே எங்கெங்கோ சுற்றி, அடி வாங்கி, ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அவர்களுடைய கையும் நாமக்கல்லின் லேத்தும் பழைய இரும்புக் கடையும் சேர்ந்துதான் ஜீப்பின் நம்பகம். இரும்புக்குள் மட்டும் அதைத் தேடினால் கிடைக்காது. நம்பகத்தை வண்டியோடு சேர்த்து விற்பதாகக் கம்பெனிகள் சொல்வது ஒரு கதையாடல். உழைப்பையும் அறிவையும் மறைத்துவிட்டுப் பண்டத்தை மட்டும் காட்டுவது என்று மார்க்ஸ் சொன்னது இங்கே அச்சாகப் பொருந்துகிறது.

ஜீப்பை நான் புனிதப்படுத்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்கத்து ஊர் ஜீப்பு ஒன்று பனியில் கவிழ்ந்து இரண்டு பேர் செத்தார்கள். பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது சொந்தக்காரருக்குத் தெரியும். பலா சீசன் முடியட்டும் மாத்திக்கலாம் என்று இருந்திருக்கிறார். பெரியப்பாவின் ஜீப்பிலும் அதே லைனிங்தான், அதே சீசன்தான். கவிழவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி கிராஸ்ஓவருக்கு வருவோம். ஜீப்பு சண்டையில் பிறந்தது என்றால் இது சட்டத்தின் ஓட்டையில் பிறந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1975இல் அமெரிக்கா வாகனங்களுக்கு எரிபொருள் சிக்கன விதி கொண்டுவந்தது. காருக்குக் கடுமையான அளவு; விவசாயி, கொத்தனார் ஓட்டுகிற சின்ன டிரக்குக்குத் தளர்வான அளவு. கம்பெனிகள் என்ன செய்தன? குடும்பங்களை டிரக்கில் ஏற்றின. டிரக்குக்கு மெத்தை போட்டு எஸ்.யூ.வி. என்றன. ஆனால் ஏணிபோன்ற சட்டத்தின்மேல் உடம்பைப் பூட்டிய வண்டி குலுங்கும், சாயும். பணக்காரருக்குக் குலுக்கல் பிடிக்காது. அதனால் அடுத்த கட்டம்: காரின் உடம்பை எடுத்து, உயர்த்தி, ஜீப்பின் முகத்தை மாட்டுவது. 1994இல் டொயோட்டாவின் ராவ்4. 1997 கடைசியில் ஜப்பானில் ஹாரியர். அதுவே 1998இல் அமெரிக்காவில் லெக்சஸ் ஆர்.எக்ஸ். கேம்ரி காரின் அடித்தளம், ஜீப்பின் தோற்றம், பங்களாவின் உள் அலங்காரம். சொகுசு கிராஸ்ஓவர் என்கிற வகையே இதிலிருந்துதான் எழும்பியது. 1999இல் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்5 வந்தது. நம் அரசாங்கமும் வரைவிலக்கணம் எழுதியது: நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரைக்கும் அடிவயிற்றுக்கும் 170 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் எஸ்.யூ.வி., அதற்கு அதிக வரி. எந்தக் கல்லையும் தாண்டப் போகாத வண்டியைக் கல் தாண்டுகிற உயரத்தால் அளந்தார்கள்.

2007 மார்ச்சில் பி.எம்.டபிள்யூ. சென்னைக்குத் தெற்கே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்தது. எக்ஸ் வரிசை வண்டிகள் அங்கே பூட்டிச் சேர்க்கப்பட்டன. வில்லிஸைப் பூட்டிச் சேர்த்த கம்பெனியின் பெயரிலேயே தொழில் நகரம்! அன்றைக்கு அது காஞ்சிபுரம் மாவட்டம். 2019இல்தான் செங்கல்பட்டு தனியாகப் பிரிந்தது. எங்கள் மூதாதைகள் விட்டுவிட்டு வந்ததாகச் சொல்லப்படும் அதே காஞ்சிச் சீமை. வம்சக்கதை சொல்கிற கிழவர்களிடம் இதைச் சொன்னேன். அவர்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

சொகுசு வண்டிகள் எல்லாமே கோளாறானவை என்று சொல்வது சோம்பேறித்தனம். லெக்சஸ் ஆர்.எக்ஸ். உழைக்கிற வண்டி என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. அது இந்தியாவுக்கு வந்ததே 2017இல், மலைக்கு வருமளவு இன்னும் விலை இறங்கவில்லை. பி.எம்.டபிள்யூ.வின் என்47 டீசல் எஞ்சினுக்கு வேறு கதை. 2007 முதல் 2011 வாக்கில் வந்தவற்றில் டைமிங் செயின் காலத்துக்கு முன்பே தேய்ந்தது உலகறிந்தது. செயின் தேய்வது புதுசில்லை. அது எஞ்சினின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் எஞ்சினையே கீழே இறக்கணும். ஓடுகிறபோது அமைதியாக இருக்கட்டும், பழுது பார்க்கிறவன் எக்கேடும் கெடட்டும் என்கிற வடிவமைப்பு இது. முதல் சொந்தக்காரருக்கு வாரண்டி இருக்கிறது. மூன்றாம் கைக்காரனை வரைபடம் போட்டவர் மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை.

மூன்றாம் கைக்காரன் எப்படி உருவாகிறான் என்பதற்கும் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. 2015 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிகள் தில்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்றது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. 2022 ஜனவரி முதல் தேதியிலிருந்து தில்லி அரசு பத்து வருஷம் முடிந்த டீசல் வண்டிகளின் பதிவை நீக்கத் தொடங்கியது. ஆனால் வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக என்.ஓ.சி. தருவோம் என்றது. இதன் அர்த்தம் என்ன? தில்லியின் நுரையீரலுக்கு ஆகாத புகை வேறு எங்காவது போகட்டும். வண்டிகளின் விலை சரிந்தது. புரோக்கர்கள் டிரெய்லர் டிரெய்லராகத் தெற்கே இறக்கினார்கள். (2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தில்லியின் பழைய வண்டிக்காரர்கள்மேல் கடும் நடவடிக்கை வேண்டாமென்று இடைக்கால உத்தரவு போட்டது. அதற்குள் எங்கள் வெள்ளை வண்டி பலாமரத்தடிக்கு வந்து மூன்று வருஷம் ஆகிவிட்டது.) சூழலியத் தோழர்கள் தில்லித் தீர்ப்பைக் கொண்டாடினார்கள், நானும்தான். பழையது எங்கே போகும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

ஒரு இரவை மட்டும் இங்கே நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 2023 கார்த்திகையில், நடுச்சாமத்தில், மாமாவுக்கு நெஞ்சுவலி. பனி, முன்னால் பத்தடி தெரியவில்லை. அந்த வண்டியில்தான் கொண்டுபோனோம். எழுபது வளைவிலும் சக்கரம் வழுக்கவில்லை, பிரேக் சொன்ன இடத்தில் நின்றது, உள்ளே வெதுவெதுப்பு. மாமா பிழைத்துக்கொண்டார். "மெத்தையில படுத்துக்கிட்டே மல எறங்குன மாதிரி இருந்துச்சுடா" என்று இன்றைக்கும் சொல்கிறார். சொகுசு என்பதை வெறும் பகட்டு என்று எழுதுகிறபோதெல்லாம் எனக்கு மூங்கிலில் கட்டிய தூளி ஞாபகம் வருகிறது.

அடுத்த சித்திரையில் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு. இரண்டு வாரத்தில் முப்பத்தெட்டாவது வளைவில் வண்டி நொண்ட ஆரம்பித்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் மாட்டுவண்டி வேகம். அடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கிற பெரியப்பா மகன் வந்து பார்த்தான். போர் வண்டியில் பத்து வருஷம் இருந்தவன். "கோளாறு எங்கன்னு வண்டிக்குத் தெரியுதுண்ணா. எனக்குத்தான் சொல்ல மாட்டேங்குது" என்றான்.

நகரத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் மாட்டி விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள். டீசல் புகையிலிருக்கும் கரியைப் பிடிக்க சைலன்சர் பாதையில் தேன்கூடுபோல ஒரு பீங்கான் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை அது தானே எரித்துக்கொள்ளும். எரிய 600 டிகிரி அளவுக்குச் சூடு ஏறணும். அதற்கு நல்ல ரோட்டில் ஒரே சீராகப் பதினைந்து இருபது நிமிஷம் ஓடணும். பெரக்கரையிலிருந்து செம்மேடு, சோளக்காடு, மறுபடி வீடு என்று சின்னச் சின்ன ஓட்டத்தில் அந்தச் சூடு வருவதே இல்லை. கரி அடைக்கிறது, கம்ப்யூட்டர் எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடுகிறது. யார்மேல் தப்பு? வண்டி கெட்டுப்போகவில்லை, அது எந்த ரோட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டதோ அந்த ரோடு இங்கே இல்லை. புது வடிகட்டிக்கு எஸ்டிமேட் இரண்டேகால் லட்சம்.

பழுது பார்க்கும் உரிமை என்று ஒரு பேச்சு உலகத்தில் நடக்கிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் வாக்கெடுப்பு வைத்து, கம்பெனிகள் தகவலை வெளிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். 2022 ஜூலையில் நம் நுகர்வோர் விவகாரத் துறையும் ஒரு குழு அமைத்தது. வாகனங்களும் அதன் பட்டியலில் உண்டு. அந்த டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தார்கள். பெரியப்பா மகனுக்கு அதில் தன் வண்டிக்கான கதவு எதுவும் தென்படவில்லை.

கடைசியில் ஒரு ஆள் லேப்டாப்போடு வந்தான். வடிகட்டியின் உள்ளே இருக்கிற தேன்கூட்டை இடித்து வெளியே கொட்டிவிட்டு, வடிகட்டி சரியாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டரை நம்பவைத்தான். இருபத்தைந்தாயிரம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி இப்படி மாற்றுவது குற்றம். மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இதே காரியத்தை, அதாவது வண்டியைப் பொய் சொல்ல வைப்பதை, உலக அளவில் செய்தவர்கள் யார்? 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டது. சோதனைச்சாலையில் இருக்கிறோமா ரோட்டில் இருக்கிறோமா என்று கண்டுபிடித்து, சோதனையில் மட்டும் சுத்தமாக மூச்சுவிடுகிற மென்பொருள். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் வண்டிகள். அமெரிக்காவில் அவர்களுடைய ஆடி க்யூ5, போர்ஷே கயென் போன்ற சொகுசு கிராஸ்ஓவர்களும் அதில் சேர்ந்தன. இந்தியாவில் மூன்று லட்சத்துச் சொச்சம் வண்டிகளைத் திரும்ப அழைப்பதாக அந்த டிசம்பரில் அறிவித்தார்கள். 2019 மார்ச்சில் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி அபராதம் போட்டது. மே மாதம், வசூலிக்கக் கடும் நடவடிக்கை வேண்டாமென்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே பொய் லாபத்துக்காகச் சொல்லப்பட்டது, சொன்னவர்களிடம் உண்மையான வடிகட்டி செய்கிற அறிவும் பணமும் இருந்தன. பெரக்கரையில் சொல்லப்பட்ட பொய்க்கு வேறு வழி எதுவும் விட்டுவைக்கப்படவில்லை. இரண்டும் ஒன்று என்று சட்டம் சொல்லும். மச்சானைப் பிடித்தால் கடும் நடவடிக்கை வேண்டாமென்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

வண்டி இப்போது ஓடுகிறது. மேட்டில் மிதிக்கும்போது கரும்புகை. பின்னால் நடந்து வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், அதில் என் தங்கச்சி மகளும் ஒருத்தி. அவள் கேட்டாள், "மாமா, இது பெரிய வண்டிதான, அப்பறம் ஏன் ஜீப்பவிட நாத்தம்?" தில்லி, பசுமைத் தீர்ப்பாயம், பீங்கான் வடிகட்டி என்று அவளுக்குச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

பதிவெண் இன்னும் டி.எல்.தான். வேறு மாநிலத்துக்குக் கொண்டுவந்து பன்னிரண்டு மாதம் தாண்டினால் புது எண் வாங்கியாக வேண்டும். புரோக்கர் கொடுத்த என்.ஓ.சி. நகலில் சேஸிஸ் எண்ணில் ஒரு எழுத்து தப்பு. தில்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொல்லிப் போன வாரம் மச்சான் வந்தான். இங்கிலீஷில் வேணும், கொஞ்சம் பணிவா இருக்கட்டும் மச்சான், என்றான். நாலு தடவை திருத்தி எழுதிக் கொடுத்தேன். பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறான்.